படத்தின்மேல் வைத்த கை

என் அன்பு மகனுக்கு,

நீ வேலைக்குப் போன கையோடு சாப்பாட்டு மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன பிடித்துவிட்டது என்று நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. வாயால் சொல்ல மூன்று தரம் வெளிக்கிட்டேன். மூன்று தரமும் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். சனிக்கிழமை உனக்குக் கலியாணம். நாற்பத்து மூன்று வயதில் நீ மாப்பிள்ளையாகப் போகிறாய். சித்திரையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது "நீ தர்ஷினியைக் கலியாணம் செய்யடா" என்று நான் சொன்னதும், கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "ஏனம்மா திடீரெண்டு?" என்று கேட்டாய். "வயசு போட்டுது, அதுதான்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். நீ நம்பவில்லை. ஆனால் திரும்பக் கேட்கவும் இல்லை. நீ கேட்காத பிள்ளை. இவ்வளவு காலமும் அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. கலியாணத்துக்கு முன்னம் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தரவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். பதிமூன்று வருஷத்துக்கு முந்தி, நீ தர்ஷினியை விரும்புகிறாய் என்று சொன்ன அன்றிலிருந்து மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. முழுப்பட்டினி என்று நீ நினைத்தாய். நீ பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போன பிறகு பிஸ்கட் சாப்பிட்டேன், இன்றைக்குத்தான் சொல்கிறேன். நாலாம் நாள் காலமை நீ கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து என் காலடியில் இருந்தாய். நான் சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றி மடியில் வைத்து, உன் வலது கையைப் பிடித்து அந்தக் கண்ணாடியில் பதித்து, "நான் உயிரோட இருக்குமட்டும் அந்தப் பிள்ளையைச் செய்யமாட்டன் எண்டு சொல்லு" என்றேன். நீ சொன்னாய். உன் இங்கிலீஷ் தமிழில், ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிறதுபோலச் சொன்னாய். சொல்லிவிட்டு உள்ளங்கையில் ஒட்டிய தூசியைக் காற்சட்டையில் துடைத்தாய். நான் கஞ்சியைக் குடித்தேன். உப்புக் குறைவு என்றும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் சைவப்பிள்ளை, நாங்கள் வேதக்காரர், அதனால்தான் என்று உனக்கும் ஊருக்கும் சொன்னேன். மகன், அது சாட்டு. அவள் கோயில் கும்பிட்டால் எனக்கென்ன, தேவாலயம் போனால் எனக்கென்ன? எனக்குப் பயம், அவ்வளவுதான். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த நேரம் உன் அப்பா மாரடைப்பில் போன பிறகு, பன்னிரண்டு வயது உன்னையும் அந்தப் படத்தையும் கொண்டுதான் நான் இந்த ஊரில் வந்து இறங்கினேன். பிளேனில் படத்தைச் சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன், நீ ஜன்னல் பக்கம் இருந்து வாந்தி எடுத்தாய். உன்னையும் ஒருத்தி கொண்டுபோனால் லண்டன் எட்மண்டனில் இந்த வீட்டில் நானும் ஹீட்டரும்தான் மிச்சம் என்று நினைத்தேன். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, சமயம் என்று சொன்னேன். சமயம் என்று சொன்னால் ஒருத்தரும் எதிர்த்துக் கதைக்கமாட்டார்கள் அல்லவா?

அந்தப் படத்தின் கதையும் உனக்கு முழுக்கத் தெரியாது. நாங்கள் கலியாணம் முடித்த வருஷம் திருநாள் கடையில் உன் அப்பா பேரம் பேசி வாங்கியது. நீலச் சால்வை போட்ட மாதா, தோளில் தலை சாய்த்து நித்திரை கொள்ளும் பாலன், இரண்டு தலையையும் சுற்றிப் பொன் வட்டம். இடுப்பு வரைக்கும்தான் படம். இடம்பெயர்ந்தபோது தையல் மெசினை விட்டேன், பித்தளைப் பானையை விட்டேன், படத்தை விடவில்லை. உனக்குக் காய்ச்சல் என்றாலும், என் பிரஷர் ஏறினாலும், விசா விசயமாக ஹோம் ஆபிஸ் கடிதம் வந்தாலும் அவவுக்கு முன்னால்தான் மெழுகுதிரி கொளுத்துவேன். அவ கண்ணைத் தாழ்த்திப் பிள்ளையைப் பார்க்கிற பார்வையில், எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்கிறமாதிரி இருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மாசி மாதம் எங்கள் பங்கு மாதர் சங்கத்துப் பொம்பிளைகள் எட்டுப் பேரை ஃபாதர் நடு லண்டனில் ஒரு பெரிய ஓவியக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாரே, நினைவிருக்கிறதா? பஸ் பாஸ் இருக்கிறது, உள்ளே போகக் காசில்லை, சூடாகவும் இருக்கும் என்று சொல்லித்தான் எங்களைக் கிளப்பினார். பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்ற எனக்குப் படங்களைப் பற்றி என்ன தெரியும்? கால் உளைந்தது. குந்தி இருக்க ஒரு மரவாங்கு தேடிக்கொண்டு ஒரு அறைக்குள் போனால், எதிர்ச் சுவரில் என் மாதா நிற்கிறா. எங்கள் வீட்டுக் கதவளவு உயரம். அதே நீலச் சால்வை, அதே தாழ்ந்த கண், அதே பாலன். நான் அப்படியே முழங்காலில் விழுந்து சிலுவை போட்டேன். என்னைப் பார்த்துவிட்டு மற்ற ஏழு பேரும் முழங்கால். நான் 'அருள் நிறைந்த மரியே' தொடங்க, அவர்கள் மறுமொழி சொல்ல, அறையில் நின்ற வெள்ளைக்காரர் எல்லாம் தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று முழித்தார்கள். கூடத்தில் விளக்கம் சொல்கிற ஒரு வயதான வெள்ளைக்காரி, நாங்கள் முடிக்கும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பொறுத்து நின்றா.

எழும்பின பிறகுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். பொன் வட்டம் இல்லை. இடுப்புக்குக் கீழே முழு உடம்பும் இருந்தது. கிழிந்த பாவாடை, பக்கத்தில் பால் கொண்டுபோகிற ஒரு மண்சாடி, கீழே வெறுங்கால். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கும்பிட்ட என் மாதாவுக்குக் கால் இருப்பதையே அன்றுதான் கண்டேன். அந்த வெள்ளைக்காரி மெல்லமாகக் கிட்ட வந்து, மன்னியுங்கள், இது மரியாள் இல்லை என்றா. பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஒருவர், நூறு வருஷத்துக்கும் முந்தி, பாரிசில் பால் விற்ற ஏழை இத்தாலியப் பெண் ஒருத்தியைக் கூலிக்கு நிறுத்தி வரைந்த படம் இது. பிள்ளை அசையாமல் இராது என்பதால் அது நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து வரைந்தாராம். பிறகு யாரோ அச்சடிக்கிறவர்கள் காலையும் சாடியையும் வெட்டி, பொன் வட்டம் போட்டு, நாடு நாடாக விற்றிருக்கிறார்கள். அந்த ஓவியரின் பெயர் என் வாயில் நிற்காது, அதனால் ஓவியர் என்றே எழுதுகிறேன். நான் போய் வாங்கில் இருந்துவிட்டேன்.

வெள்ளைக்காரி பக்கத்தில் இருந்து அந்த மனிசனைப் பற்றி ஆறுதலாகச் சொன்னா. குதிரைச் சேணம் தைக்கிறவரின் மகன். சின்ன வயதில் தகப்பன் போய்விட, தாய்தான் துணி வெளுத்துப் படிக்க வைத்திருக்கிறா. பாரிசில் பெரிய ஓவியப் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகச் சுண்ணாம்புச் சிலைகளைப் பார்த்துப் பார்த்துப் படம் கீறிய பிறகுதான் உயிருள்ள ஆளைக் கீற விடுவார்களாம். அவர் அதில் முதலாவதாக வந்து, ரோமாபுரிக்குப் படிக்கப் போகிற பரிசையும் வென்றார். ஒரு படம் தொடங்க முன்னம் கைக்கு ஒரு படம், காலுக்கு ஒரு படம், சால்வை மடிப்புக்கு ஒரு படம் என்று தனித்தனியாகக் கீறிப் பழகுவார். பிறகு மெல்லிய பூச்சாகப் பூசிப் பூசி, தூரிகை போன தடமே தெரியாமல் வழுவழுப்பாக்கிவிடுவார். விடிந்தால் பட அறைக்குள் போனவர் வெளிச்சம் போனால்தான் வெளியே வருவார். ராசாக்களும் பணக்காரரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். பிறகு வந்த புது ஓவியர்கள், இது படமா சவர்க்காரமா என்று பகிடி பண்ணினார்கள். அவர் கண்ணை மூடினதும் படங்களை எல்லாம் இறக்கி நிலக்கீழ் அறைகளில் போட்டுவிட்டார்கள். இப்போதுதான் சில வருஷமாகத் திரும்ப மேலே ஏற்றியிருக்கிறார்களாம்.

அந்தப் பெரிய படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். கறுப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருக்கிறா. இதுதான் அவருடைய தாய் என்றா வெள்ளைக்காரி. மற்ற எல்லோருக்கும் பளிங்குபோலத் தோல் போட்ட மனிசன், தாயின் கையை மட்டும் உள்ளது உள்ளபடி வரைந்திருந்தார். வெளுத்து வெளுத்து வீங்கின மூட்டு, நரம்பு, வெடிப்பு, எதையும் மறைக்கவில்லை. அந்தக் கைகள் ஒன்றையொன்று என்ன இறுக்கு இறுக்கிப் பிடித்திருந்தன தெரியுமா? அதற்குப் பிறகு வெள்ளைக்காரி சொன்ன ஒரு விசயம் எனக்கு விளங்கியும் விளங்காமலும் இருந்தது. தாய்க்கு ஏதோ வாக்குக் கொடுத்தார், அதனால் காத்திருந்தார் என்றா. என்னுடைய இங்கிலீஷ் பீன்சும் கஸ்டர்டும் பரிமாறப் பழகின இங்கிலீஷ். நான் விளங்கியது சரிதானா என்று எனக்குத் தெரியவேண்டும் போல இருந்தது. வரும்போது அந்த ஓவியரைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கி, பையில் ஒளித்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபாதரிடம், "ஃபாதர், நான் இவ்வளவு காலமும் பால்காரிக்கோ மெழுகுதிரி கொளுத்தினனான்?" என்று கேட்டேன். அந்த மனிசனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மாதா அதுக்குக் கோவிக்கமாட்டா. அவவும் ஒரு ஏழைப் பொம்பிளைதானே" என்றார். "அந்தப் படத்தில கை வைச்சுச் செய்த சத்தியம்?" என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. "சத்தியம் வாங்கின ஆக்களே அதை விட்டால் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் புத்தகம் இருக்கிறது, வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. உன்னிடம் கேட்கவே முடியாது, ஏனென்றால் விசயமே உன்னைப் பற்றியது. ஃபாதரிடம் இன்னும் கேட்க வெட்கம். இரண்டு கிழமை அந்தப் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். ஒருநாள் காலமை பிரஷர் குளிசை எடுக்க மேசை லாச்சியை இழுத்துத் திறந்தபோது, கிழமைக்குக் கிழமை நீ கொண்டுவந்து தருகிற, நாளுக்கு ஒன்றாக ஏழு மூடி போட்ட குளிசைப் பெட்டி வந்த கடதாசிப் பை கண்ணில் பட்டது. மருந்துக்கடையின் விலாசம் ஃபாரஸ்ட் கேட். எங்கள் வாசலுக்கு எதிரேயே ஒரு மருந்துக்கடை இருக்க, ஃபாரஸ்ட் கேட்டில் இருந்து ஏன் எனக்குக் குளிசை வருகிறது? அந்தப் பையை எத்தனையோ தரம் கசக்கி எறிந்திருக்கிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை. தர்ஷினி ஃபாரஸ்ட் கேட்டில் மருந்துக்கடையில் வேலை என்பது எனக்குத் தெரியும். பையில் இருந்த நம்பருக்கு அடித்தேன். அவளே எடுத்தாள். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, உமக்கு ஒரு புத்தகம் வாசிச்சுச் சொல்ல ஏலுமே?" என்பதுதான். "ஓம் அன்ரி, எங்க வரவேணும்?" என்றாள்.

படத்துக்கு முன்னால் சந்திப்போம் என்றேன். எனக்கு முந்தியே வந்து வாங்கில் இருந்தாள். கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு இடுப்பு வரைக்கும் பின்னல். இப்போது குட்டையாக வெட்டின தலைமயிர், காதோரம் நரை. நான் காக்க வைத்ததால் வந்த நரை அது. கிட்டப் போனதும் அவள் கேட்டாள்: "காலமைக் குளிசை போட்டனீங்களே அன்ரி?" நான் வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். "ஆர் பிள்ளை அந்தப் பெட்டியை நிரப்புறது?" என்று கேட்டேன். "நான்தான். ஞாயிற்றுக்கிழமையில அவரிட்டைக் குடுத்துவிடுவன்" என்றாள், ஏதோ பால் வாங்கிக் கொடுப்பதுபோல. நான் செத்தால்தான் தனக்கு வாழ்வு என்று தெரிந்த பிள்ளை, கிழமைக்குக் கிழமை என் உயிரைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறாள். நான் அங்கேயே அழுதேன் மகன். அவள் டிஸ்யூ எடுத்துத் தந்துவிட்டு, நான் மூக்கைச் சீறி முடிக்கும்வரைக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசித்தாள். ஓவியருக்கு இள வயதில் மனைவி செத்துப்போனா. சில வருஷத்தில் அவரிடம் படம் பழக வந்த ஒரு பெண்ணில் அவருக்கு விருப்பம் வந்தது. தாய் சம்மதிக்கவில்லை. நான் இருக்கும்வரைக்கும் அவளைச் செய்யக்கூடாது என்று மகனிடம் வாக்கு வாங்கிவிட்டா. அந்த இடத்தில் தர்ஷினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், அவள் தொடர்ந்து வாசித்தாள். அந்தப் பெண் அதே தெருவில் வீடு எடுத்து இருந்தாளாம். பகலில் அவரோடு பக்கத்தில் நின்று வரைவாள், பொழுதுபட்டால் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். தாய் தொண்ணூற்றொரு வயது வரைக்கும் இருந்தா. அவர்கள் கலியாணம் முடித்தபோது மாப்பிள்ளைக்கு எழுபது கிட்ட. நான் அங்கேயே விரல் விட்டு எண்ணினேன். எனக்குத் தொண்ணூற்றொன்று ஆகும்போது உனக்கு அறுபத்தைந்து. அவள் நிரப்பித் தருகிற குளிசையைப் போட்டால் நான் தொண்ணூற்றொன்றைத் தாண்டியும் இருப்பேன், அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

நான் புத்தகத்தை மூடிவிட்டு அவளிடம் சொன்னேன்: "பிள்ளை, அது மாதாவே இல்லையாம். பிழையான படத்தில அவன்ர கையை வைச்சனான். அந்தச் சத்தியம் செல்லாது." "இதை உங்களிட்டைச் சொல்லக் கூடாதெண்டு அவர் கேட்டவர்" என்று தொடங்கினாள். "அன்ரி, எங்களுக்கு அது ஏழு வருஷத்துக்கு முந்தியே தெரியும். மழைக்கு ஒதுங்கி இங்க வந்த இடத்தில கண்டனாங்கள். நானும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான், சத்தியம் செல்லாது, அம்மாட்டைப் போய்ச் சொல்லுங்கோ எண்டு. அவர் இதே வாங்கில கனநேரம் இருந்திட்டு, 'அம்மா அவவுக்கு முன்னால தினமும் மெழுகுதிரி கொளுத்திறவ, அதை நான் கெடுக்கமாட்டன்' எண்டவர். பிறகு சொன்னவர், 'நான் படத்துக்கோ சத்தியம் பண்ணினன்? அம்மாவுக்கெல்லோ.'"

மகன், ஏழு வருஷம் உன் விடுதலைப் பத்திரம் உன் கையில் இருந்திருக்கிறது. அதை நீ எனக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் வேறொரு படத்தைத் தேடியிருப்பேன், அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும். தர்ஷினியைக் கோவிக்காதே, நான் அழுததைப் பார்த்துத்தான் சொன்னாள். அன்று வீட்டுக்கு வருகிற வழி முழுக்க என் நெஞ்சு பஞ்சுபோல இருந்தது. அவமானப்படவேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோசம் வந்தது, ஏன் என்று கேட்டால், ஓவியரின் தாயான அந்தக் கிழவிக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது. அவவுக்குத் தன் பிடியை விட நேரம் வரமுன்னம் சாகிற காலம் வந்துவிட்டது. எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீ கலியாணம் செய்துகொண்டு மனோர் பார்க்குக்குக் குடிபோகிறாய் என்றதும் எனக்கு வருமென்று நினைத்த பயம் வரவேயில்லை. ஒரு பஸ்ஸும் ஒரு ரயிலும்தானே? வரக்கூடாது என்று நீங்கள் சொன்னாலும் நான் வருவேன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீ அந்த ஓவியரைப்போல எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கிற ஆள். கோபம் வந்தால் ஒரு பூச்சு, கவலை வந்தால் ஒரு பூச்சு, கடைசியில் உள்ளே என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. என்னோடு அப்படி இருந்தாய், நானும் நல்ல பிள்ளை என்று அதை அனுபவித்தேன். அவளோடு அப்படி இராதே. கஞ்சிக்கு உப்புக் குறைவு என்று அவள் சொன்னால், நீயே போட்டுக் குடி என்று சொல்லு. அவளும் உன்னைப்போலப் பொறுமைசாலி. இரண்டு பொறுமைசாலிகள் ஒரு வீட்டில் இருந்தால் சாமான் கழுவுகிற சத்தம்கூடக் கேட்காது. ஒருவரிடம் ஒருவர் வாக்கு மட்டும் வாங்காதீர்கள். கேட்டுப் பாருங்கள், கெஞ்சிப் பாருங்கள், சண்டை பிடியுங்கள், வாக்கு வாங்காதீர்கள்.

படம் இங்கேயே இருக்கட்டும். நான் இப்போதும் மெழுகுதிரி கொளுத்துகிறேன். மாதாவுக்கு ஒன்று, அந்தப் பால்காரிக்கு ஒன்று. பாவம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வெறுங்காலோடு நின்றிருப்பா. சனிக்கிழமை வெளிக்கிட முன்னம் ஆசீர்வாதத்துக்கு நீ என் முன்னால் வந்து நில். படத்தைக் கழற்றமாட்டேன், பயப்படாதே. பிறகு மண்டபத்தில் கைபிடித்துக் கொடுக்க ஐயர் கூப்பிடும்போது நான்தான் எழும்பி வருவேன், பெரியவர்கள் யாரும் செய்யட்டும் என்று விடமாட்டேன். அன்றைக்கு உன் கையைப் பிடித்துப் படத்தின்மேல் வைத்தவள் நான். அந்தக் கையை அவளுடைய கையில் வைக்கவேண்டியவளும் நான்தான்.

இப்படிக்கு,
காலமைக் குளிசை போட்டுவிட்ட
உன் அம்மா